ஒரு வணிக ஒப்பந்தத்துக்குப் பதினெட்டரை ஆண்டுகள்: தாமதம் யாருடைய மேசையில்?

மாங்கனிநகர் ஆசிரியர் எழுதியது:

மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் கற்பிப்பவன் நான். ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டை நடத்தி முடித்த மறுநாள் ஒரு மாணவி கேட்ட கேள்வியை அப்படியே இங்கே வைக்கிறேன். இரு நாடுகளும் வணிகம் செய்தால் இரண்டுக்கும் ஆதாயம் என்று பாடம் சொல்கிறது. அப்படியானால் இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2007 ஜூனில் பேசத் தொடங்கி, 2013இல் பேச்சை நிறுத்தி, 2022 ஜூனில் மீண்டும் தொடங்கி, 2026 ஜனவரி 27 அன்றுதான் பேச்சுவார்த்தை முடிந்தது என்று அறிவித்தது ஏன்? ஆதாயம் வரும் காரியத்துக்கு யாராவது பதினெட்டரை ஆண்டுகள் காத்திருப்பார்களா?

அதிகாரிகளின் மெத்தனம் என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. இதே இந்தியா பிரிட்டனுடன் 2022 ஜனவரியில் பேசத் தொடங்கி 2025 மே மாதத்தில் முடித்துவிட்டது. இந்தக் களத்தில் சுங்கத் துறையிலும் ஏற்றுமதியிலும் அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறீர்கள். செய்தித்தாளில் வரும் கார், விஸ்கி கணக்குகளைத் தாண்டி, பேச்சுவார்த்தை மேசையில் உண்மையில் எது இழுபறியாகிறது என்று விளக்கினால், அந்த மாணவிக்கு நேர்மையான பதில் ஒன்றைச் சொல்ல முடியும்.


ஓய்வுபெற்ற சுங்கர் எழுதியது:

ஆசிரியர் ஐயா, உங்கள் மாணவியின் கேள்வியில் ஒரே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஆதாயம் நாட்டுக்கு வருகிறது என்பது சரி. ஆனால் பேச்சுவார்த்தையில் நாடு என்று ஒருவர் உட்காருவதில்லை. கார் செய்பவர், கார் வாங்குபவர், பால் கறப்பவர், மருந்து செய்பவர், வெளிநாட்டு வேலைக்குப் போகும் கணினிப் பொறியாளர் என்று பலர் பின்னால் நிற்க, அவர்கள் அனைவர் சார்பிலும் வணிக அமைச்சகத்தின் அதிகாரிகள் சிலர் உட்காருகிறார்கள். எதிர்த் தரப்பின் பின்னாலும் அதே கூட்டம் நிற்கிறது. எதிரே இருப்பவரைச் சம்மதிக்க வைப்பதைவிடத் தமக்குப் பின்னால் இருப்பவரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம் என்று பேச்சுவார்த்தைக்குப் போய்வந்தவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பணிக்காலத்தில் பார்த்த கோப்புகளும் அதைத்தான் சொல்லின.

முதலில் சட்டகத்தைச் சொல்லிவிடுகிறேன். உலக வணிக அமைப்பின் உறுப்பு நாடுகள் ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் சலுகையை எல்லா நாடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. தடையற்ற வணிக ஒப்பந்தம் என்பது அந்த விதிக்கு விலக்கு. அந்த அமைப்பின் சரக்கு வணிக விதிகளான காட் உடன்பாட்டின் 24ஆம் பிரிவு இந்த விலக்கை அனுமதிக்கிறது. ஆனால் இருவருக்கிடையே நடக்கும் வணிகத்தில் ஏறத்தாழ அனைத்தின் மீதும் வரி நீங்க வேண்டும், அதுவும் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்குள் நீங்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. அதனால் உனக்குப் பிடித்த பத்துப் பொருள், எனக்குப் பிடித்த பத்துப் பொருள் என்று சுலபமாக முடித்துக்கொள்ள வழியில்லை. ஆயிரக்கணக்கான வரிசைகள் கொண்ட சுங்க அட்டவணையை வரிசை வரிசையாகப் பிரித்து, உடனே நீக்குவது, ஐந்து ஆண்டில் நீக்குவது, ஏழு அல்லது பத்து ஆண்டில் நீக்குவது, ஒதுக்கீட்டுக்குள் மட்டும் குறைப்பது, தொடவே கூடாது என்று கூடைகளில் போட வேண்டும். இந்தியா வழக்கமாகக் கடைசிக் கூடையில் வைப்பது பால் பொருள்கள். கோடிக்கணக்கான சிறு விவசாயிகள் இரண்டு மூன்று மாடுகளை வைத்துப் பிழைக்கும் துறை அது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அந்தக் கூடையைத் திறக்காது.

கார் விவகாரமும் இப்படித்தான் தீர்ந்தது. இந்தியாவில் இறக்குமதிக் கார் மீது 110 சதவீதம் வரை வரி இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான உடன்பாட்டில் அது படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறங்கும். ஆனால் ஆண்டுக்கு 2.5 லட்சம் கார்கள் என்ற ஒதுக்கீட்டுக்குள் மட்டும். வரி எவ்வளவு என்பதில் ஜெர்மானியர்களுக்கு வெற்றி, எத்தனை கார்கள் என்பதில் இங்கே உற்பத்தி செய்பவர்களுக்கு ஆறுதல். ஒதுக்கீடு என்ற இந்த ஒரு கருவி இல்லையென்றால் உலகில் பாதி ஒப்பந்தங்கள் முடிந்திருக்காது.

ஆனால் இவை எல்லாம் வெளியே தெரியும் சண்டைகள். உண்மையான இழுபறி, எங்கள் துறையில் ரூல்ஸ் ஆஃப் ஒரிஜின் என்று எல்லோரும் சொல்லும் தோற்ற விதிகளில் இருக்கிறது. ஒரு சட்டை இந்தியச் சட்டை என்று எப்போது ஆகிறது? நூல் இங்கே நூற்கப்பட்டாலா, துணி இங்கே நெய்யப்பட்டாலா, வெட்டித் தைத்தால் மட்டும் போதுமா? வரி பூச்சியம் என்று எழுதிவிட்டுத் தோற்ற விதியைக் கடுமையாக்கினால், கொடுத்ததை மறு கையால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் 2010இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் 35 சதவீத மதிப்புக் கூட்டலும் சுங்கத் துணைத்தலைப்பு மாற்றமும் (மூலப்பொருளும் முடிந்த பொருளும் சுங்க அட்டவணையில் வெவ்வேறு துணைத்தலைப்பில் வருவது) பொது விதியாக இருந்தன. அந்த 35 சதவீதத்தைத் தாளில் மட்டும் காட்டிய சரக்குகள் எத்தனை வந்தன என்பது துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் விளைவாகத்தான் 2020 செப்டம்பரில், சான்றிதழை மட்டும் நம்பாமல் இறக்குமதியாளரே தோற்ற விவரத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று தனி விதிகள் கொண்டுவரப்பட்டன.


வெள்ளவத்தை எழுதியது:

தோற்ற விதி பற்றி ஐயா சொன்னதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கின்றது. இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கைச்சாத்திடப்பட்டு 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பாமாயில் மீது இந்தியா அதிக வரி விதித்திருந்தது, இலங்கை குறைவாக விதித்திருந்தது. உடனே இலங்கையில் வனஸ்பதித் தொழிற்சாலைகள் முளைத்தன. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து எண்ணெயைக் கொண்டுவந்து வனஸ்பதியாக்கி உடன்படிக்கையின் வரிச் சலுகையில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். செம்பிலும் இதே கதை நடந்தது. இதில் முதலிட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. இந்தியா கட்டுப்பாடு கொண்டுவந்ததும் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. இரண்டு நாட்டு வர்த்தகப் புள்ளிவிவரமும் சில ஆண்டுகள் அழகாகத் தெரிந்தது. இலங்கையில் மிஞ்சிய தொழில் என்று எதுவும் இல்லை.


நொய்யல்கரை எழுதியது:

சுங்கர் ஐயாவின் பதிவைப் படித்தபோது, கொங்கு வட்டாரத்தில் நாங்கள் பேசிக்கொள்வதை வேறு மொழியில் கேட்டதுபோல் இருந்தது. பின்னலாடை ஏற்றுமதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் எங்கள் கணக்கைச் சொல்கிறேன்.

பருத்தி டீசர்ட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரி 12 சதவீதம். பங்களாதேஷ் மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடு என்பதால் அங்கிருந்து போகும் சட்டைக்கு வரியே இல்லை. அதைவிட முக்கியமானது, 2011 முதல் அந்நாடுகளுக்குத் தையல் மட்டும் அங்கே நடந்தால் போதும் என்று ஒன்றியம் விதியைத் தளர்த்தியது. சீனத் துணியை வாங்கி டாக்காவில் தைத்தாலும் அது டாக்காச் சட்டை. பின்னர் வியட்நாம் ஒப்பந்தம் 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஒரு சட்டைக்கு எங்களுக்கு மிஞ்சுவது எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) ஐந்து ஆறு சதவீதம் இருந்தால் நல்ல ஆண்டு என்போம். அந்த நிலையில் எதிராளிக்கு இந்த அளவு வரி வித்தியாசம் இருந்தால் எங்கள் திறமை, தரம், நேரம் தவறாமை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது. பன்னிரண்டு ஆண்டுகள் எங்களிடம் வாங்கிய ஐரோப்பிய பையர் ஒருவர், ஆர்டரை மாற்றும்போது மன்னிப்புக் கேட்கும் தொனியில் எனக்கு ஒரு அட்டவணையை அனுப்பினார். அதில் துணி, தையல், கப்பல் கட்டணம் எல்லாவற்றிலும் நாங்கள் சமமாகவோ மலிவாகவோ இருந்தோம். கடைசி வரிசை மட்டும் சிவப்பில் இருந்தது. அதுதான் சுங்க வரி.

எனவே எங்களுக்கு இந்த ஒப்பந்தம் வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் எந்தத் தோற்ற விதியுடன் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், திருப்பூரிலிருந்து கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் பதில் மாறிவிடும். ஆடை தைப்பவர்களுக்குத் துணி எங்கிருந்து வந்தாலும் சரி என்ற தளர்ந்த விதி வேண்டும். பருத்தியில் நமக்குக் குறை இல்லை. ஆனால் விளையாட்டு உடைகளுக்கான செயற்கை இழைத் துணியில் சீனாவையும் தைவானையும் விட்டால் எங்களுக்கு வேறு வழி குறைவு. நூற்பாலைக்காரர்களோ விதி எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பார்கள், ஏனென்றால் அப்போதுதான் நாங்கள் அவர்களுடைய நூலை வாங்கியே ஆக வேண்டும். அதற்கும் பின்னால் பருத்தி விவசாயி இருக்கிறார். 2021இல் பருத்தி இறக்குமதிக்கு வரி போட்டு அது 11 சதவீதமானபோது அவருக்குச் சாதகம், ஆலைக்காரருக்குப் பாதகம். 2022 மே மாதத்தில் நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூரில் நாங்கள் உற்பத்தியை நிறுத்தியபோது எங்கள் சண்டை ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுடன் அல்ல, ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர்களுடன்தான்.

இந்த மூவருக்கும் ஒரே அமைச்சகம். அந்த அதிகாரி ஐரோப்பியரிடம் என்ன கேட்க வேண்டும் என்று யார் தீர்மானிப்பது? பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை ஆண்டுகள் அதற்கே போயிருக்கும் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.


சட்டமாணவி எழுதியது:

நொய்யல்கரை அண்ணா சொன்னது போன்ற பிளவு எதிர்த் தரப்பில் இன்னும் பெரியது. அங்கே அதற்குச் சட்ட வடிவமே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 உறுப்பு நாடுகள் இருந்தாலும் வணிகப் பேச்சுவார்த்தையை நடத்துவது ஐரோப்பிய ஆணையம் ஒன்றுதான். உறுப்பு நாடுகளின் மன்றம் முதலில் அதற்கு ஓர் ஆணை கொடுக்கும். அந்த வரம்புக்குள் நின்றே ஆணையம் பேச முடியும். முடித்த பிறகு மன்றமும் ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஒப்புதல் தர வேண்டும்.

சில ஒப்பந்தங்களுக்கு அதுவும் போதாது. கனடாவுடனான ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் தொடங்கி 2014இல் பேசி முடித்தார்கள். அது ஒன்றியத்தின் அதிகாரமும் உறுப்பு நாடுகளின் அதிகாரமும் சேர்ந்த கலப்பு ஒப்பந்தம் என்று வகைப்படுத்தப்பட்டதால் ஒவ்வோர் உறுப்பு நாடும் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டியதாயிற்று; பெல்ஜியத்தின் அரசமைப்பில் மாநில நாடாளுமன்றங்களின் சம்மதமும் தேவை. சுமார் 36 லட்சம் மக்கள் வாழும் வலோனியா என்ற பிரெஞ்சு மொழிப் பகுதி 2016 அக்டோபரில் மறுத்துவிட்டது. அதன் முதலமைச்சர் பால் மேக்னெட் முன்வைத்த முதன்மையான ஆட்சேபம் வரியைப் பற்றியதே அல்ல. வெளிநாட்டு முதலீட்டாளர் ஓர் அரசின் மீது தனித் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடரலாம் என்ற பிரிவைப் பற்றியது. உச்சி மாநாட்டுக்குப் புறப்பட வேண்டிய கனடியப் பிரதமர் பயணத்தை ஒத்திவைத்தார். விளக்க ஆவணம் ஒன்றை இணைத்து அக்டோபர் 30 அன்று கையெழுத்திட்டார்கள். 2017 செப்டம்பரில் தற்காலிகமாக நடைமுறைக்கு வந்தது. 2020இல் சைப்ரஸ் நாடாளுமன்றம் தன் ஹலூமிப் பாலாடைக்கட்டியின் பெயருக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்று அதை நிராகரித்தது. 2024 மார்ச்சில் பிரெஞ்சு மேலவையும் எதிர்த்து வாக்களித்தது. இவ்வளவுக்குப் பின்னும் தற்காலிகம் என்ற பெயரிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூர் ஒப்பந்தம் பற்றி 2017 மே மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த கருத்து இதற்கு ஒரு வழி காட்டியது. வரி, சேவை, அறிவுசார் சொத்துரிமை ஆகியவை ஒன்றியத்தின் தனி அதிகாரம். முதலீட்டாளர் வழக்குப் பிரிவு போன்ற சிலவற்றுக்கு மட்டுமே உறுப்பு நாடுகள் தேவை. அதன் பிறகு முதலீட்டுப் பாதுகாப்பைத் தனியாகப் பிரித்துவிடும் பழக்கம் வந்தது. 2022இல் இந்தியாவுடன் மீண்டும் தொடங்கியபோது வணிகம், முதலீட்டுப் பாதுகாப்பு, புவிசார் குறியீடு என்று மூன்று தனி உடன்பாடுகளாகப் பேசினார்கள். 2007இல் ஒரே மூட்டையாகக் கட்டியதைப் பிரித்ததுதான் வேகத்துக்கு முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

நம் பக்கம் இதற்கு நேர் எதிர். இந்தியாவில் ஒப்பந்தம் செய்வது நிர்வாகத்தின் அதிகாரம். நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டியதில்லை. உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் 253ஆம் பிரிவின் கீழ் சட்டம் வரும். வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருந்தாலும் மாநிலங்களின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. ஆசியான் ஒப்பந்தத்தால் ரப்பர், மிளகு விலை வீழும் என்று அஞ்சிய கேரளத்தில் 2009 அக்டோபர் 2 அன்று மாநிலம் நெடுக மனிதச் சங்கிலி அமைத்தார்கள். ஒப்பந்தம் அதற்கு முன்பே ஆகஸ்டில் கையெழுத்தாகிவிட்டது. வலோனியாவுக்குக் கிடைத்த கதவு கேரளத்துக்குக் கிடைக்கவில்லை.


மாங்கனிநகர் ஆசிரியர் எழுதியது:

நன்றி. ஆனால் இதில் எனக்கு ஒரு முரண் தெரிகிறது. கேட்க வேண்டிய கதவுகள் இந்தியாவில் குறைவு என்றால், இந்தியா வேகமாக அல்லவா முடித்திருக்க வேண்டும்? 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், சீனாவும் ஆசியான் நாடுகளும் உள்ளிட்ட பல நாடுகள் ஆண்டுக்கணக்கில் பேசிய ஆர்செப் என்ற வணிக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியது நினைவுக்கு வருகிறது.


ஓய்வுபெற்ற சுங்கர் எழுதியது:

நல்ல கேள்வி ஐயா. கதவு இல்லாத வீட்டில் சண்டை இல்லாமல் போகாது. அது கூடத்தில் நடக்கும். நம் நாட்டில் எதிர்ப்பாளருக்கு முறையான வாக்கு இல்லாததால், அவர் கடைசி வரை காத்திருந்து அரசியல் மேலிடத்தைப் பிடிக்கிறார். ஆர்செப்பில் வரிக் குறைப்பை எந்த ஆண்டின் வரியிலிருந்து கணக்கிடுவது என்று ஒரு தகராறு இருந்தது. 2014 என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்கள். இடையில் இந்தியா பல பொருள்களுக்கு வரியை உயர்த்தியிருந்ததால் 2019 என்று மாற்றக் கேட்டது. சீன இறக்குமதி ஓர் அளவைத் தாண்டினால் தானாகவே வரி ஏறும் பாதுகாப்பு முறையையும் கேட்டது. இரண்டும் நியாயமான கோரிக்கைகள் என்பதுதான் என் எண்ணம். ஆனால் ஏழாம் ஆண்டில் கேட்க வேண்டியவை அல்ல, முதல் ஆண்டில் கேட்டிருக்க வேண்டியவை. தாமதமாகக் கேட்டதற்குக் காரணம், எதிர்ப்பாளர்களின் குரல் தாமதமாகக் கேட்கப்பட்டதே.


மருந்துவிலை எழுதியது:

சுங்கர் ஐயா அருமையாகச் சொன்னார். ஆனால் அந்தக் குரல் ஏன் தாமதமாகக் கேட்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. என்ன பேசுகிறார்கள் என்பதே வெளியே தெரியாது, அதனால்தான்.

நான் நோயாளிகளுக்கான அமைப்புகளுடன் வேலை செய்கிறேன். 2007 முதல் 2013 வரையிலான பேச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வலியுறுத்திய ஒன்று, மருந்தின் சோதனைத் தரவுகளுக்குத் தனியுரிமை. எளிதாகச் சொன்னால், காப்புரிமை இல்லாத மருந்தாக இருந்தாலும், முதல் நிறுவனம் கொடுத்த சோதனை முடிவுகளை நம்பி நம் மருந்துக் கட்டுப்பாட்டாளர் இரண்டாவது நிறுவனத்துக்குச் சில ஆண்டுகளுக்கு அனுமதி தரக் கூடாது. இந்திய மலிவு மருந்துகளை நம்பியிருந்த ஆப்பிரிக்க எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அச்சம் கற்பனையானது அல்ல. இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன ரத்த அழுத்த மருந்தை, இரண்டு நாடுகளிலும் அது சட்டபூர்வமானதாக இருந்தும், 2008 டிசம்பரில் நெதர்லாந்துச் சுங்கத்தார் வழியில் நிறுத்தினார்கள். 2010இல் இந்தியா அதை உலக வணிக அமைப்பில் எழுப்ப வேண்டியதாயிற்று. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்து வழக்கில், பழைய மருந்தின் சிறு மாற்றத்துக்குப் புதுக் காப்புரிமை தர மறுக்கும் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவை உறுதிசெய்தது. நீதிமன்றத்தில் வென்றதை ஒப்பந்தத்தின் ஒரு வாக்கியத்தில் இழந்துவிட முடியும் என்பதே எங்கள் கவலை. தரவுத் தனியுரிமைக் கோரிக்கை வெளியே தெரிந்ததே கசிந்த வரைவுகளால்தான். கசிவு இல்லையென்றால் எதிர்ப்பும் இருந்திருக்காது.

பிரிட்டனுடனான ஒப்பந்தத்தில் மருந்து கிடைப்பதற்கு விரும்பத்தக்க வழி, காப்புரிமை உள்ள நிறுவனமே விரும்பிப் பிறருக்குத் தரும் தன்னார்வ உரிமம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருப்பதை, கையெழுத்தான பிறகுதான் நாங்கள் படிக்கிறோம். அந்த நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே பிறருக்குக் கட்டாய உரிமம் தரும் அதிகாரத்தை அது பறிக்கவில்லை என்று அரசு சொல்லலாம். ஆனால் அந்த வாக்கியம் நாளை ஒரு வழக்கறிஞர் கையில் என்னவாகும் என்று கையெழுத்துக்கு முன் விவாதித்திருக்க வேண்டாமா?


ஓய்வுபெற்ற சுங்கர் எழுதியது:

அம்மா, உங்கள் கவலையை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாடு வாங்கப் போகிறவர்களும் விற்பவர்களும் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். என் கடைசி விலை சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டால் எனக்குப் பேரம் என்று ஒன்று இல்லை. எவ்வளவு தூரம் இறங்கி வருவேன் என்பதை எந்த நாடும் முன்கூட்டியே வெளியிடாது.


மருந்துவிலை எழுதியது:

ஐயா, துண்டுக்கு அடியில் விரல் இருக்கட்டும். மாடு எது என்பதாவது ஊருக்குத் தெரிய வேண்டாமா? அமெரிக்காவுடன் 2013இல் பேசத் தொடங்கிய அட்லாண்டிக் கடந்த ஒப்பந்தத்தில் ஐரோப்பிய ஆணையமும் முதலில் நீங்கள் சொன்ன வாதத்தைத்தான் சொன்னது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கைப்பேசி இல்லாமல், காவலர் முன்னிலையில் படிக்கும் அறைகள் வைத்தார்கள். 2016 மே மாதத்தில் கிரீன்பீஸ் அமைப்பு 248 பக்கங்களை வெளியிட்டது. குளோரின் கழுவிய கோழியும் முதலீட்டாளர் வழக்கும் தெருவுக்கு வந்து, அதே ஆண்டு இறுதியில் பேச்சு உறங்கிப்போனது. அதிலிருந்து ஐரோப்பியர்கள் பாடம் கற்றார்கள். இந்தியாவுடன் 2022இல் தொடங்கியபோது தம் தரப்பு வரைவுகளையும் ஒவ்வொரு சுற்றின் அறிக்கையையும் ஆணையம் இணையத்தில் வெளியிட்டது. நம் நாட்டு விவசாயியும் மருந்து வணிகரும் இந்தியா என்ன பேசுகிறது என்பதைப் பிரஸ்ஸல்ஸின் தளத்தில் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. அதை வெளியிட்டதால் ஐரோப்பியருக்குப் பேரம் கெட்டுவிட்டதாக நான் கேள்விப்படவில்லை.


ஓய்வுபெற்ற சுங்கர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். தொடக்க நிலை வரைவுக்கும் கடைசி விலைக்கும் உள்ள வேறுபாட்டை நான் குழப்பிவிட்டேன். முதலாவதை வெளியிடலாம், வெளியிட்டிருந்தால் ஆர்செப்பில் நடந்ததும் தவிர்க்கப்பட்டிருக்கலாம்.


தேம்சுவாசி எழுதியது:

லண்டனில் கணக்காயராக இருக்கிறேன். பிரிட்டன் ஒப்பந்தம் வேகமாக முடிந்ததாக ஆசிரியர் சொன்னார். இங்கிருந்து பார்த்தபோது அது வேகமாகத் தெரியவில்லை. 2022 ஏப்ரலில் டெல்லி வந்த போரிஸ் ஜான்சன், தீபாவளிக்குள் முடித்துவிடுவோம் என்று அறிவித்தார். ஒரு பேச்சுவார்த்தையாளரின் கையைக் கட்டுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை; தேதியை அறிவித்தவருக்குத்தான் அவசரம் என்பது எதிராளிக்குத் தெரிந்துவிடுகிறது. தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன், விசா முடிந்தும் தங்குபவர்களில் இந்தியர்களே அதிகம் என்று பேசினார். டெல்லி முகம் சுளித்தது. தீபாவளி வந்தது, போனது. ஜான்சன், டிரஸ், சுனக், ஸ்டார்மர் என்று நான்கு பிரதமர்கள் வந்தார்கள்.

முடிந்தபோது இங்கே சர்ச்சையானது விஸ்கி அல்ல. விஸ்கி வரி 150 சதவீதத்திலிருந்து 75ஆகவும் பத்தாண்டுகளில் 40ஆகவும் குறைவதைப் பற்றி ஸ்காட்லாந்து மகிழ்ச்சியுடன் பேசியது. சர்ச்சை, தற்காலிகமாக மாற்றலில் வரும் ஊழியர்கள் மூன்று ஆண்டுகள் வரை சொந்த நாட்டில் மட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்புச் செலுத்தினால் போதும் என்ற உடன்பாட்டைப் பற்றியது. இந்தியத் தொழிலாளி பிரிட்டிஷ் தொழிலாளியைவிட மலிவாகிவிடுவார் என்று எதிர்க்கட்சிகள் கூச்சலிட்டன. பிரிட்டன் ஏற்கெனவே பல நாடுகளுடன் இதே ஏற்பாட்டை வைத்திருப்பது அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை.

இன்னொரு காரணத்தையும் மறக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா எல்லோர் மீதும் வரியை அறிவித்தது. அடுத்த மாதம் பிரிட்டனும், எட்டு மாதங்கள் கழித்து ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவுடன் முடித்தன. ஆண்டுக்கணக்கில் நகராத கோப்புகள் அதன் பிறகே நகர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவின் மிகப் பெரிய வணிகக் கூட்டாளிகளில் ஒன்று, 2024இல் சரக்கு வணிகத்தில் சுமார் 11.5 சதவீதம், ஒன்றியத்தின் கணக்கிலோ இந்தியாவின் பங்கு சுமார் 2.4 சதவீதம்தான். அமைதியான காலத்தில் 2.4 சதவீதத்துக்காகத் தன் விவசாயிகளுடனும் தொழிற்சங்கங்களுடனும் சண்டை போட எந்த ஐரோப்பிய அரசியல்வாதிக்கும் அவசியம் இருக்கவில்லை.


மாங்கனிநகர் ஆசிரியர் எழுதியது:

வகுப்பில் இதை எப்படிச் சொல்வது என்று இப்போது ஓரளவு தெளிவாகிறது. அந்த மாணவியைச் சிறு பேச்சுவார்த்தை ஒன்றை நடத்தச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்: வகுப்பை இரண்டு நாடுகளாகப் பிரிக்காமல், ஒரே நாட்டின் ஆலைக்காரர், தையல்காரர், விவசாயி, நோயாளி என்று பிரித்து, எதிர்த் தரப்பிடம் என்ன கேட்பது என்று மட்டும் ஒரு பாடவேளைக்குள் முடிவெடுக்கச் சொல்வது. நொய்யல்கரை நண்பரே, ஐரோப்பிய உடன்பாடு நடைமுறைக்கு வரும்போது உங்கள் ஊரில் என்ன மாறும் என்று நினைக்கிறீர்கள்?


நொய்யல்கரை எழுதியது:

உடனே ஒன்றும் மாறாது ஐயா. சட்டச் சரிபார்ப்பு, ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளிலும் மொழிபெயர்ப்பு, நாடாளுமன்ற ஒப்புதல் எல்லாம் இருக்கின்றன. பையர்கள் மட்டும் முந்திக்கொண்டு, வரி போகப் போகிறதே, அதில் பாதியை இப்போதே விலையில் குறையுங்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வரிச் சலுகை யார் பையில் சேரும் என்பதற்கு இன்னொரு பேச்சுவார்த்தை இருக்கிறது. அதற்கு அமைச்சகம் வராது. பங்களாதேஷ் வளர்ச்சி குன்றிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறினாலும் ஐரோப்பாவில் மேலும் மூன்று ஆண்டுகள் சலுகை உண்டு. எஃகு ஏற்றுமதி செய்யும் நண்பர்களுக்கோ, 2026 தொடக்கத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்த கார்பன் எல்லை வரி (பொருளை உற்பத்தி செய்யும்போது வெளியாகும் கார்பனுக்கு ஒன்றியம் வாங்கும் கட்டணம்) இந்த உடன்பாட்டால் நீங்கவில்லை.

சுங்கர் ஐயாவிடம் ஒரு கேள்வி. மற்ற ஒப்பந்தங்களில் தோற்றச் சான்றிதழை அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்குகிறோம். ஐரோப்பிய முறையில் ஏற்றுமதியாளரே எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார்களே, அது எங்களுக்கு வசதியா, வம்பா?


ஓய்வுபெற்ற சுங்கர் எழுதியது:

இரண்டும்தான். ஐரோப்பிய ஒன்றியம் அண்மையில் செய்த ஒப்பந்தங்களில், ஜப்பானுடனானது உட்பட, இன்வாய்ஸிலோ வேறு வணிக ஆவணத்திலோ குறிப்பிட்ட வாசகத்தை ஏற்றுமதியாளரே எழுதினால் போதும் என்பதே முறை. வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். ஆனால் அலுவலகம் முத்திரை குத்திய சான்றிதழ் பிழையானால் ஓரளவு பொறுப்பு அலுவலகத்துக்கும் இருக்கும். நீங்களே எழுதினால் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. இறக்குமதியான பிறகும் சில ஆண்டுகள் வரை அவர்களுடைய சுங்கத் துறை கேள்வி கேட்கலாம். அப்போது அந்தச் சட்டையின் துணி எந்தப் பின்னல் கூடத்தில், எந்த ஆலையின் நூலில், எந்தத் தேதியில் ஓடியது என்று காட்ட வேண்டும். உங்கள் ஊரில் பின்னுவது ஒருவர், சாயம் போடுவது ஒருவர், தைப்பது மூன்றாமவர். ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை) சலான்களையும் நூல் பில்களையும் ஆர்டர் வாரியாகக் கோத்து வைக்க இன்றே ஓர் ஆளைப் போடுங்கள்.


நொய்யல்கரை எழுதியது:

சாயப்பட்டறைக்காரரிடம் ஒழுங்கான சலான் வாங்குவதற்குப் பிரஸ்ஸல்ஸிடமே பேசிவிடலாம் ஐயா. இருந்தாலும் நாளைக்கே ஆளைப் போடுகிறேன்.